கண்ணாடி அலமாரிக்குள் தமிழ்நாடு

ஜூலை 1, புதன்

மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. தமிழ்நாடு நாளை முன்னிட்டு 12 முதல் 18 வரை எல்லா நூலகங்களிலும் மாநிலத்தின் வரலாறு, கலை, பண்பாட்டைப் போற்றும் வாரவிழா நடத்த வேண்டும். உள்ளூர்ப் பெருமக்களை அழைக்க வேண்டும். வரலாற்று நூல்களைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்க வேண்டும். திரளான பொதுமக்கள் தெரியும்படி தினமும் புகைப்படம் அனுப்ப வேண்டும். நிறைவு நாளில் மாவட்ட நூலக அலுவலரே நேரில் வருவார்.

வரத்தான் செய்வார். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதத்தில் எங்கள் பக்கம் ஆய்வுக்கு வராத அதிகாரியை நான் பார்த்ததில்லை.

வாசகர்கள் அந்த வாரம் எங்கே உட்காருவார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இல்லை. புதுக்குளப்பேரி கிளை நூலகம் என்பது ஒரே ஒரு ஹால். நூலகர் பரமகல்யாணியாகிய நான்தான் அதன் தலைவி, எழுத்தர், துப்புரவாளர், எல்லாம். அந்த ஹாலில் விழா நடந்தால் வாசிப்பு நடக்காது. வாசிப்பு நடந்தால் விழா நடக்காது. இது ஊரில் எல்லாருக்கும் புரியும், அலுவலகத்துக்கு மட்டும் புரியாது.

ஜூலை 2, வியாழன்

தினமும் படிக்க வரும் முப்பிடாதி கேட்டாள். “அக்கா, விழான்னு சொல்லுதாவளே, அந்த வாரம் லைப்ரரி உண்டுமா?”

“விழாவே லைப்ரரிலதானளா” என்றேன்.

“அதில்லக்கா. படிக்க எடம் உண்டுமான்னு கேக்கேன்.”

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு குரூப் நாலு தேர்வு. வீட்டில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். டிவி வேறு ஓடுகிறது. அதனால் அவளும் தன் பங்கு பீடியை விடியற்காலையிலேயே சுற்றி முடித்துவிட்டு இங்கே வந்துவிடுகிறாள். இந்தத் தடவையும் தேறவில்லை என்றால் புருஷன் வேலை பார்க்கும் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர வேண்டும் என்று பேச்சு. போன தடவை தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு பகுதியில்தான் கோட்டை விட்டாளாம். எங்களிடம் அதற்கு ஒரு தடிப் புத்தகம் உண்டு. குறிப்புதவி நூல், வீட்டுக்குத் தர முடியாது. அதை இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை என்றாள்.

“ஒனக்காக அரசாங்கம் விழாவைத் தள்ளி வைக்குமா?” என்று கேட்டேன். அவள் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 3, வெள்ளி

விடுமுறை. மாவு அரைத்தேன். நாள் முழுக்கச் சாரல், துணி எதுவும் காயவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

அழைப்பிதழ் விஷயமாக வாசகர் வட்டத் தலைவர் ஆவுடையப்பன் சார் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நூலகத்துக்குத் தினமும் வருவார். நாளிதழில் இரங்கல் பக்கத்தைப் பார்ப்பார், தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் கிளம்பிவிடுவார்.

“எல்லா நாளும் நம்ம தலைமைதானே?” என்றார்.

“ஆமா சார்.”

“சிறப்புரை?”

“நிறைவு நாளுக்குத் திருநெல்வேலிலேருந்து முனைவர் செந்நாவரசு வாராவ சார்.”

“வரட்டும். ஆனா அவரு பேரை எம் பேரைவிடப் பெருசாப் போட்டிராதிய.”

ஜூலை 7, செவ்வாய்

அச்சகத்துக்காரரிடம் கொடுத்த அழைப்பிதழை எப்படியோ ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது.

முதலில் பாத்திரக்கடை கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். மைக் செட்டும் பந்தலும் அவர் உபயம். “மைக்கு நான் குடுக்கேன், மைக்குல பேசுறது வேற ஆளா?” என்றார். வாழ்த்துரை கொடுத்தேன். அவருக்குக் கொடுத்ததைக் கேள்விப்பட்டு எதிர்க்கடைக்காரர் வந்தார். அவருக்கும் வாழ்த்துரை. முத்தமிழ் மன்றத்தார் வந்தார்கள். அவர்கள் போனதும், அவர்களிடமிருந்து பிரிந்து போன உண்மை முத்தமிழ் மன்றத்தார் வந்தார்கள். சாயங்காலம் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் எல்லாம் கூட்டமாக என் மேஜை முன்னால் நின்றார்கள். “நாங்க தெனம் வந்து பேப்பர் படிக்கோம். எங்க பேரு இல்லாத விழாவுக்கு நாங்க எதுக்கு வரணும்?”

ஒருவர் பேரைச் சேர்த்தால் பத்துப் பேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

ஜூலை 9, வியாழன்

தீர்வு கண்டுவிட்டேன். இவ்வளவு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியதில்லை.

எல்லாரையும் போட்டுவிட்டேன்! தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, நோக்கவுரை, வாழ்த்துரை, கருத்துரை, ஏற்புரை, நன்றியுரை, தொகுப்புரை. ‘முன்னிலை’ என்பது அருமையான ஏற்பாடு. ஒருவர் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு ஒரு பெயர் கொடுத்து அச்சிடலாம். நாளிதழ்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் முன்னிலை. போஸ்ட்மேன் முன்னிலை. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் முன்னிலை. ஊரில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. அழைப்பிதழ் மடித்து மடித்துப் பிரிக்க வேண்டிய அளவுக்கு நீண்டுவிட்டது. ஆவுடையப்பன் சாரே “கல்யாணி, நீ கலெக்டராயிருக்க வேண்டியவ” என்றார்.

முப்பிடாதியிடமும் கேட்டேன், “ஒம் பேரையும் போடட்டுமா?” என்று.

“வேண்டாங்க்கா, நான் படிக்கணும்” என்றாள். இவ்வளவு பெரிய ஊரில் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள்.

ஜூலை 11, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. ஆனாலும் போக வேண்டியிருந்தது. மேடைக்குப் பலகை கிடைக்காததால் வாசிப்பு மேஜைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மேலே ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். மேடை ஹாலில் முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. அழைப்பிதழில் இருக்கிற எல்லாரும் உட்கார வேண்டாமா? நாற்காலிகள் எல்லாம் மேலே ஏறிவிட்டன. ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு மேல் பேனரைக் கட்டினார்கள்.

சுற்றறிக்கையில் சொன்னபடி வரலாற்று நூல்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன். தடிப் புத்தகம் நடுவில். 18ஆம் தேதி சிறப்பு விருந்தினர் அதை எடுத்துக் காட்டிப் பேசுவார், அதுவரை யாரும் தொடக்கூடாது, பூட்டி வைக்கவும் என்று அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஜூலை 12, ஞாயிறு

தொடக்க விழா. காலையில் முப்பிடாதி வந்து புத்தகம் வழக்கமாக இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடி வழியாக அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“விழா முடிஞ்சதும் எடுத்துக்கோ” என்றேன்.

“மறுநா பரீச்சைக்கா.”

“எனக்குத் தெரியாதா? மேல இருந்து சொல்லியிருக்காவ. நான் என்ன செய்ய?”

“தமிழ்நாட்டு வரலாறப் படிக்கத்தான வந்தேன். அதைக் கொண்டாடுறதுக்குன்னு பூட்டி வச்சிட்டா எப்படிக்கா?”

வாய்த்துடுக்கு. துடைப்பத்தை எடுத்துப் போய்த் தரையைப் பெருக்கினேன்.

விழா சிறப்பாக நடந்தது. அழைப்பிதழில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் மேடையில் அமர்ந்தார்கள். பெயர் இல்லாதவர்கள் பெயர் இல்லாததால் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், கீழே ஒருவரும் இல்லை. மேடைக்கும் வாசலுக்கும் நடுவே கிடைத்த கொஞ்சம் தரையில் முப்பிடாதி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் சார் மைக்கைப் பிடித்து அவளைப் பார்த்து, “பெருந்திரளாகக் கூடியிருக்கும் தாய்மார்களே!” என்றார்.

புகைப்படத்தை மேடையை நோக்கியே எடுத்து அனுப்பினேன்.

ஜூலை 13, திங்கள்

‘வாசிப்பே உயர்வு’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி. வாசித்துக்கொண்டிருந்த முப்பிடாதியை ஒலிபெருக்கிக்கு இடம் வேண்டும் என்று எழுப்பிவிட்டார்கள்.

கண்ணாடி அலமாரியின் பூட்டு சரியில்லை. பூட்டினாலும் திறந்துகொள்கிறது. பழைய பூட்டு. நடுவில் இருக்கும் தடிப் புத்தகத்தின் மேலுறை மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. விவசாயப் பிரிவில் நாட்டுக்கோழி வளர்ப்பு நூல் ஒன்றைக் காணவில்லை. அது அதே பருமன், அதே உயரம். எலி இழுத்துப் போயிருக்கும்.

அரசு வேலையில் இருப்பவர்கள் சில விஷயங்களைச் சொந்த நோட்டில்கூட எழுதக்கூடாது.

ஜூலை 14, செவ்வாய்

கோலப் போட்டி. ஹாலில் இடம் இல்லாததால் வாசலில். மழை வந்து எல்லாக் கோலமும் ஒரே கோலமாகிவிட்டது. எல்லாருக்கும் முதல் பரிசு.

முப்பிடாதி நாளிதழால் அட்டை போட்ட ஏதோ ஒரு தடிப் புத்தகத்தைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன புத்தகம் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 15, புதன்

வில்லுப்பாட்டு. குழுவின் தலைவி பேச்சிக்கனி வந்ததும், மேடையில் ஏறாமல் முதலில் தரையைப் பார்த்தார். “யாரோ பிள்ள படிக்கால்லா, சத்தம் போடலாமா?” என்று கேட்டார். இந்த வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். முப்பிடாதி “பாடுங்க பெரியம்மா, நான் எழுதிப் பாத்துக்கிடுதேன்” என்றாள். குடமும் சலங்கையுமாக ஹாலே அதிர்ந்தது. நடுவில் பேச்சிக்கனி அவளைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பாளையக்காரர் கதையை வருஷத்தோடு சேர்த்துப் பாட்டாகவே சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பேச்சிக்கனி பெயரை அழைப்பிதழில் போட மறந்துபோனேன். கலை நிகழ்ச்சி என்று மட்டும் அச்சாகியிருந்தது. எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஜூலை 16, வியாழன்

முன்னிலை வகிப்போரில் இருவருக்குள் நாற்காலித் தகராறு. நாளை வெள்ளிக்கிழமை, விடுமுறை, விழா இல்லை. கடவுள் இருக்கிறார்.

ஜூலை 17, வெள்ளி

விடுமுறை. ஆனால் நூலகத்தில் எனக்கு ஒரு வேலை இருந்ததால் காலையிலேயே போய்த் திறந்தேன். என்ன வேலை என்று இப்போது நினைவில்லை. சாயங்காலம் வரை அந்த வேலை முடியவில்லை. வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் புளியோதரை கொண்டுபோயிருந்தேன். ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் மிஞ்சவில்லை.

நல்ல அமைதி. சாரல் சத்தம், பக்கம் புரளும் சத்தம், அவ்வளவுதான். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்த வாரத்தில் நூலகம் நடந்தது இன்று ஒரு நாள்தான்.

ஜூலை 18, சனி

நிறைவு விழா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அலுவலர் தலை ஈரத்தோடு வந்தார். குற்றாலத்தில் ஆய்வை முடித்துவிட்டு வந்திருக்கிறார். முனைவர் செந்நாவரசும் அதே காரில், அதே ஈரத்தில். எல்லாரும் மேடை ஏறினார்கள். கீழே முப்பிடாதி, மடியில் அந்த நாளிதழ் அட்டைப் புத்தகம்.

பேச வந்த ஒவ்வொருவரும் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் ‘அவர்களே’ போட்டு விளித்தார்கள். ஆவுடையப்பன் சார் கடைசி ‘அவர்களே’யை எட்டியபோது அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, தலைமையுரை அதோடு முடிந்தது. கோமதிநாயகம் அண்ணாச்சி போஸ்ட்மேனை விட்டுவிட்டார். போஸ்ட்மேன் எழுந்து நின்றார். முதலிலிருந்து மறுபடியும் விளித்தார்கள்.

பிறகு சிறப்புரை. முனைவர் அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நடுவில் இருந்த புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். கேமரா மின்னியது.

“இந்த நூலை நான் மாணவப் பருவத்திலேயே வரி வரியாகக் கற்றவன். இதைத் திறந்தால் தமிழனின் வாழ்வு தெரியும்!” என்று சொல்லிவிட்டுத் திறந்தார்.

உள்ளே பெரிய சேவல் படம் இருக்கிறது. அது எப்படி எனக்குத் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். முப்பிடாதி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாட்டினால் எனக்கு மெமோ. அவளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள், இன்னும் கடைசி அதிகாரம் மிச்சம்.

முனைவர் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மெல்ல மூடினார்.

“எல்லாமே இதில் இருக்கிறது” என்றார்.

பலத்த கைதட்டல். அலுவலர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆவுடையப்பன் சார் வாங்கி அணைத்துக்கொண்டார். முன்னிலை வகித்தவர்கள் வரிசையாக வாங்கி அணைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் சும்மா பிரித்துப் பார்த்துவிட்டு, “நல்ல புஸ்தகம்க்கா, நான் எடுத்துக்கிடலாமா? வீட்டுல கோழி ஒண்ணு நோக்காடா கெடக்கு” என்று என் காதில் சொன்னார். திங்கள்கிழமை வரச் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அலுவலர் கீழே இறங்கி முப்பிடாதியிடம் போனார்.

“என்னம்மா படிக்கிற?”

அவள் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். “தமிழ்நாட்டு வரலாறு சார்.”

“பார்த்தீங்களா!” என்று அலுவலர் மேடையைப் பார்த்துக் கத்தினார். “ஒரே வாரத்துல விழா செஞ்ச வேலையைப் பார்த்தீங்களா! விழாவைப் பத்தி என்னம்மா நினைக்கிற?”

“சார், நாளைக்குப் பரீச்சை. மைக்கக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுதியளா?”

அலுவலர் மைக்கை வாங்கி, இளைய தலைமுறையின் தாகத்தைப் பற்றி முழுச் சத்தத்தில் பேசினார். நன்றியுரை எனக்கு. யாருக்கு நன்றி சொன்னேன் என்று நினைவில்லை.

எல்லாரும் போன பிறகு கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். “கடைசி அதிகாரத்தை நான் வாசிக்கேன், நீ கேளு” என்றேன். தொண்டை கட்டும்வரை வாசித்தேன். இதை எழுதுகிறேன், மெமோ வந்தால் வரட்டும்.

ஜூலை 19, ஞாயிறு

தேர்வு மையத்துக்கு நான் எதற்குப் போனேன் என்றால், அந்தப் பக்கம் காய்கறி மலிவு.

மணி அடித்ததும் வந்தாள். “எப்படிளா?” என்றேன்.

“பாளையக்காரர் கேள்வி வந்துச்சுக்கா. பாட்டாத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ராகம் முடிஞ்ச பொறவுதான் வருஷம் வந்துச்சு. பக்கத்துப் பிள்ள மொறைச்சிட்டா.”

மெல்ல முனகிக் காட்டினாள். ரோட்டில் நின்று சிரித்தோம். காய்கறி வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 10, செவ்வாய்

தேறிவிட்டாள்! நூலகத்தில் சத்தம் போட்டுக் கத்தினேன். நாளிதழ்ப் பெரியவர்கள் “அமைதி, அமைதி” என்றார்கள். போங்கய்யா என்றேன்.

ஆவுடையப்பன் சார், அவள் வெற்றிக்கு வாசகர் வட்டமே காரணம் என்று பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினார். படத்தில் அவர் மட்டும் இருந்தார்.

மார்ச் 1, திங்கள்

முப்பிடாதி வேலையில் சேர்ந்தாள். இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் தெரியுமா? எங்கள் மாவட்ட அலுவலகம். எனக்கு மேலே! அல்வா வாங்கிக்கொண்டு வந்து காலில் விழப் பார்த்தாள். அதிகாரி நூலகர் காலில் விழக்கூடாது என்று தடுத்துவிட்டேன். புருஷன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டானாம்.

ஜூலை 1, வியாழன்

சுற்றறிக்கை வந்தது. வாரவிழா, பெருமக்கள், கண்ணாடி அலமாரி, திரளான பொதுமக்கள். போன வருஷத்துச் சுற்றறிக்கையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அடியில் தயாரித்தவர் இடத்தில் சின்னதாகச் சுருக்கொப்பம். முப்பிடாதியின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

கோபம் வந்தது. பிறகு நினைத்தேன், அவளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள், செய்திருக்கிறாள். அலமாரியைப் பூட்டச் சொன்னபோது நானும் பூட்டவில்லையா?

ஜூலை 12, திங்கள்

தொடக்க விழா முடிந்து படம் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன்.

“அக்கா, நாந்தான் முப்பிடாதி பேசுதேன். நல்லாயிருக்கியளா?” குரல் அப்படியேதான் இருந்தது. பிறகு கொஞ்சம் தணிந்தது. “அக்கா, தப்பா நெனைக்காதிய. படத்துல மேடை மட்டுந்தான் இருக்கு. கீழ ஒரு ஆளு இல்லையே? எனக்கும் மேல இருந்து கேக்காவ. கூட்டம் எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“கூட்டம் பாஸாகி வேலைக்குப் போயிட்டுன்னு சொல்லு” என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனை வைத்துவிட்டு, விழா இன்னும் பாக்கி இருக்கும்போதே மேடையைப் பிரித்து, மேஜைகளை ஒவ்வொன்றாக வாசகர்களுக்கு இறக்கிப் போட்டேன்.